பின்வரிசையில் ஒரு மூக்கு

சோப்புத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாயிற்காவலரிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவள் மூக்கம்மா. கேலியாகத் தொடங்கியது, போகப் போகப் பட்டமாகவே நிலைத்துவிட்டது. கொதிகலனிலிருந்து இறங்கும் கலவையை அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினால்தான் அது அச்சுக்கே போகும்.

அந்த மூக்கு செத்துப்போய் மாதக்கணக்காகிவிட்டது என்பது இந்தக் கதையை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. காலையில் பல் துலக்கும்போது பற்பசை வாயில் குளிர்ந்தது, ஆனால் மணக்கவில்லை. அன்றிலிருந்து பழைய நினைவை வைத்தும், எதிரில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் சிக்கலில் மாட்டிக்கொண்டாள். சில வாரம் முன்பு லாவெண்டர் சோப்புக் கலவையை முகர்ந்த உதவிப் பெண், "மேடம், லேசா கருகின வாசனை வர்ற மாதிரி இல்ல?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்று மூக்கம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். அந்தச் சரக்கு மொத்தமும் இப்போது கடைகளிலிருந்து திரும்பி வந்தது. கலவையைக் கலந்தவள் என்பதால் மேனேஜரின் கோபம் முழுக்க அந்தப் பெண் மேல் திரும்பியிருந்தது. அவளோ ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அந்த மௌனம்தான் மூக்கம்மாவைத் தூங்கவிடாமல் அடித்தது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் மகளின் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய நாள் வந்து சேர்ந்தது.

மகள் நரம்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? மூக்கும் மூளையும். முகர்ந்தது எப்படி மூளைக்குள் போய் ரோஜாவாகவும் எலுமிச்சையாகவும் ஆகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இன்று அவள் தேர்வுக் குழுவின் முன்னால் இதுவரை செய்ததையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டார் வந்து கேட்கலாம் என்று அனுமதி உண்டு.

அதோடு நின்றால் பரவாயில்லை. உரை முடிந்ததும் அம்மா ஒரு சோதனைக்கும் உட்கார வேண்டும். நல்ல மூக்கு உள்ள, அம்மா வயதுக்காரர்கள் ஆய்வுக்குப் போதவில்லையாம்.

"ஊர்லயே பெஸ்ட் மூக்கு எங்க வீட்டுலதான் இருக்குன்னு லேப் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன்மா. மானத்தைக் காப்பாத்திடு" என்றிருந்தாள் மகள்.

மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டு, பதில் வரும்வரை விடாமலிருப்பதுதானே அவள் தொழில்!

"என்ன, இஞ்சின் ஆஃப் ஆகி நிக்கிற? ஏறு" என்றார் கணவர், படிக்கட்டின் மேலிருந்து. அவர் பஸ் டிரைவர். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி கலையாத சட்டையில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி வந்திருந்தார்.

"வர்றேங்க. படி ஜாஸ்தியா இருக்கு."

"பொண்ணு தினம் ஏறுற படி. நாம ஒரு நாள் ஏறக்கூடாதா?"

கருத்தரங்க அறை சின்னதுதான். நீள மேசை, வெள்ளைத் திரை, சக்கரம் வைத்த நாற்காலிகள். குழுவினர் முன்வரிசையில் இருந்தார்கள். இவர்கள் இருவரும் கடைசி வரிசைக்குப் போனார்கள். கணவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது பின்னால் உருண்டது. "பிரேக் இல்லாத வண்டி" என்று முணுமுணுத்துக்கொண்டு சுவரோடு அணைத்து நிறுத்தினார்.

மகள் திரையோரம் நின்றாள். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய முடி. கையில் தாள் எதுவும் இல்லை. பின்வரிசையைப் பார்த்து ஒரு நொடி சிரித்தாள், உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை எழுந்து அறிமுகம் செய்தார். உயரமான பெண்மணி, நறுக்கென்று பேசுகிறவர்.

"இவங்க இளநிலைப் பட்டம் வேதியியல்ல. பல்கலைக்கழகத்திலேயே இரண்டாமிடம்."

அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது மூக்கம்மாவுக்குத்தான் தெரியும். வேலை முடிந்து வரும்போது அவள் பையில் வாசனை தோய்த்த காகிதப் பட்டைகள் ஒட்டிக்கொண்டு வரும். மகள் அவற்றைத் தரையில் பரப்பி, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்து, "இது நேத்து வந்த ரோஜா இல்லம்மா, வேற ரோஜா" என்பாள். ரோஜாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வேதியியல் எடுத்தாள். இரண்டாமிடம் என்று முடிவு வந்த அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி வெளியே கேட்டது. மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே அதன் வாசலில் நின்றாள்.

"முதுநிலைப் பட்டத்துக்கு உயிரியலுக்கு மாறினாங்க. அது அவ்வளவு சுலபம் இல்ல."

சுலபமா! "பாதி வழியில ரூட்டை மாத்துறியே, டிக்கெட் வாங்கினவங்க எங்க இறங்குவாங்க?" என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடத்தோடு உயிரியலைத் தலைமுழுகியவள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். நரம்பு எது, தசைநார் எது என்று மாற்றிச் சொல்லி வகுப்பே சிரித்தது என்று ஒரு நாள் வீட்டில் வந்து தானே சொல்லிச் சிரித்தாள். அந்த வருஷத்தின் கடைசியில், சிரித்தவர்களுக்கெல்லாம் அவள்தான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கோடை விடுமுறையில பழ ஈக்களோட முகர்வைப் பத்தி ஒரு சிறிய ஆய்வு."

கணவர் குனிந்து காதருகே, "ஞாபகம் இருக்கா?" என்றார்.

மறக்குமா? இரண்டு நாள் விடுமுறையில் தீனி போட ஆளில்லை என்று ஈக் குப்பியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மூடி சரியாக அமரவில்லை. காலையில் சமையலறை முழுக்க ஈ. அப்பா துண்டை எடுத்து விளாசக் கிளம்பினார். "அடிக்காதீங்கப்பா! அதெல்லாம் என் பரிசோதனை!" என்று மகள் கையை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள். அதன் பிறகு மூன்று பேருமாகக் கனிந்த வாழைப்பழத்தைக் காட்டி, ஒவ்வொரு ஈயையும் குப்பிக்குள் அழைத்துச் சேர்த்தார்கள்.

"முனைவர் பட்டத்துல சேர்ந்ததும் எலிகளோட மூளையில வாசனை முதல்ல போய்ச் சேர்ற முகர்வுக் குமிழ்ல நேரடியா நரம்புச் சமிக்ஞை பதிவு செய்யக் கத்துக்கிட்டாங்க. முடியைவிட மெல்லிய கம்பியைப் பதிவுக் கருவியில தானே பற்ற வைப்பாங்க. இதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும்." பேராசிரியை தாளை மேசையில் வைத்தார். "ஏறக்குறைய ஒரு வருஷ வேலை. நல்ல முடிவு. கட்டுரையே எழுதத் தொடங்கிட்டோம். ஒரு நாள் காலையில இவங்க என் அறைக்கு வந்தாங்க. ‘மேடம், இது எலியோட மூளைச் சத்தம் இல்ல, அடுத்த அறைக் குளிர்பெட்டியோட சத்தம்’னு சொன்னாங்க. எனக்கே தெரிஞ்சிருக்காது. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அத்தனையையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சாங்க. இவங்க எத்தனை பரிசு வாங்கினாங்கன்னு குறிப்புல இருக்கு, படிச்சுக்குங்க. எனக்கு இவங்களைப் பத்திச் சொல்ல இது ஒண்ணுதான்."

மூக்கம்மாவுக்கு அந்த நாளும் நினைவிருந்தது. வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள், சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் எழுந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு முதல்லேருந்து" என்றாள். என்ன ஏது என்று இவர்களுக்கு விளங்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயமா அது? யாருக்குமே தெரியாது என்ற நிலையில், தானாகப் போய்ச் சொல்லியிருக்கிறாளா என் பெண்?

நாற்காலியின் கைப்பிடியை அவள் இறுகப் பற்றிக்கொண்டாள்.

மகள் பேசத் தொடங்கினாள். வீட்டில் சாவி எங்கே, சார்ஜர் எங்கே என்று கத்துகிறவளா இவள் என்றிருந்தது. நிதானமாக, ஒரு படிக்கு அடுத்த படியாக, கேட்பவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள்.

மூக்கின் உச்சியில் நரம்புச் செல்கள் இருக்கின்றன. உடம்பின் மற்ற நரம்புகள் எலும்புக்கும் தோலுக்கும் உள்ளே பத்திரமாக இருக்க, இவை மட்டும் வெளிக்காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அதனால் அடிக்கடி சாகின்றன. சாகச் சாகப் புதிதாகவும் முளைக்கின்றன. சில காய்ச்சல்களுக்குப் பிறகு அந்த முளைப்பு தடைப்பட்டுவிடுகிறது.

"என் கேள்வி இதுதான்" என்றாள் மகள். "வாசல் மூடிடுச்சு. சரி. உள்ளே மூளை, ரோஜான்னா என்னங்கறதை மறந்துடுதா? இல்ல, வாசல் எப்போ திறக்கும்னு காத்துக்கிட்டிருக்கா?"

திரையில் மூளையின் படங்கள் வந்தன. வாசனையே தெரியாதவர்களிடம் ரோஜாவை நினைத்துப் பார்க்கச் சொல்லி எடுத்த படங்கள். சாம்பல் நிறத்துக்குள் ஒரு சின்ன மூலை சிவந்திருந்தது.

"காத்துக்கிட்டிருக்குன்னு தோணுது. முடிவுன்னு சொல்ல மாட்டேன். ஒரு சாடை தெரியுது, அவ்வளவுதான்."

கணவர் மெதுவாக, "உனக்குப் புரியுதா?" என்றார்.

"புரியுது" என்றாள் மூக்கம்மா.

"இங்க ஒரு எச்சரிக்கை" என்று மகள் தொடர்ந்தாள். "மூக்குல ரெண்டு வழி இருக்கு. மணம் ஒரு நரம்புல போகுது. குளிர்ச்சியும் எரிச்சலும் வேற நரம்புல போகுது. புதினா குளிரும், வினிகர் சுள்ளுன்னு ஏறும். வாசனை சுத்தமாப் போனவங்களுக்கும் அது தெரியும். அதை வெச்சே சில பேர் தங்களுக்கு வாசனை வருதுன்னு மத்தவங்களை நம்ப வெச்சிடுவாங்க. அதனால எங்க சோதனையில அந்த மாதிரிப் பொருளே கிடையாது."

புதினா சோப்பு, யூகலிப்டஸ் சோப்பு, கற்பூர சோப்பு. இத்தனை மாதமும் தொழிற்சாலையில் மூக்கம்மாவைக் கரையேற்றியவை அவைதான். அவள் கண்டுபிடித்துவைத்திருந்த வித்தையைப் பெற்ற மகளே திரை போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள்!

முன்வரிசையில் நரைத்த தாடி வைத்த ஒருவர் கை தூக்கினார். "வாசனை போய் உங்க ஆய்வுக்கு வந்தவங்க எல்லாரும் ரொம்பத் தாமதமா வந்திருக்காங்களே. ஏன்?"

"கண்ணு போனா ஊருக்கே தெரியும் சார். மூக்கு போனா பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. அதனால மறைச்சுடறாங்க. ஒரு சமையல்காரர் வந்தார். வேலை போயிடும்னு ஒரு வருஷம் மறைச்சிருக்கார். சீக்கிரம் வந்திருந்தா பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கியிருக்கலாம்."

"இன்னொரு கேள்வி. நீங்க காட்டுற வித்தியாசம் தற்செயலாக்கூட இருக்கலாமே? ஆள் எண்ணிக்கை குறைச்சல்."

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருக்கலாம் சார்" என்றாள் மகள். "அதுக்காகத்தான் நல்ல மூக்கு உள்ளவங்க குழுவைப் பெருசாக்கறேன். முடிவு மாறினா, மாறினதை எழுதுவேன்."

தாடிக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"என்னது, மடக்கிட்டாரா?" என்றார் கணவர் பதறி.

"இல்லீங்க. மதிச்சிட்டார்."

சோதனை அறை இரண்டு கதவு தள்ளி இருந்தது. சொந்த அம்மாவை மகளே சோதிக்கக்கூடாது என்பது விதியாம். அதனால் ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் சுருட்டைமுடிப் பையன் ஒருவன் அவளை உட்கார வைத்தான். அவனும் முனைவர் பட்ட மாணவன்தான். கணவர் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு காபி தேடிப் போய்விட்டார்.

"கண்ணைக் கட்டிடுவேன் ஆன்ட்டி. ஒவ்வொரு தடவையும் மூணு குப்பி காட்டுவேன். ரெண்டுல ஒண்ணும் இருக்காது, ஒண்ணுல வாசனை இருக்கும். எதுன்னு சொல்லணும். தெரியலைன்னாலும் ஒண்ணைச் சொல்லியே ஆகணும்."

"எனக்கா தெரியாது?" என்று சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

இருட்டு. முதல் குப்பி. காற்று. இரண்டாவது. காற்று. மூன்றாவதும் காற்றுதான்.

"ரெண்டு" என்றாள்.

அடுத்த சுற்று. குப்பி மூடி திறக்கும் சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று காதைத் தீட்டினாள். இல்லை. தொழிற்சாலையில் எதிரில் நிற்பவரின் மூச்சை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடுவாள். வாசனை உள்ளதை நீட்டும்போது யாருமே ஒரு கணம் தயங்குவார்கள். இங்கே அதுவும் கிடைக்கவில்லை. ஒரு கருவி சீராக ‘டிக், டிக்’ என்று அடித்தது. அந்தத் தாளத்துக்கு அவன் கை வந்து போனது.

"ஏன் தம்பி, எதுக்கு இந்தச் சத்தம்?"

"உங்க பொண்ணு ஏற்பாடு ஆன்ட்டி. முன்னாடி நாங்க எங்க இஷ்டத்துக்குத்தான் நீட்டுவோம். எங்க தயக்கத்தை வெச்சே சில பேர் விடையைச் சொல்லிடறாங்கன்னு அவங்கதான் கவனிச்சாங்க. எங்க யாருக்கும் தோணல. அவங்களுக்கு எல்லாத்தையும் சந்தேகப்பட்டாகணும், அவங்களையும் சேர்த்து!"

கண்கட்டுக்குள் மூக்கம்மாவின் கண் கசிந்தது. நான் ஒளிய நினைத்த ஒவ்வொரு மூலைக்கும் எனக்கு முன்னாலேயே போய் விளக்கேற்றி வைத்திருக்கிறாளே! பிடிபட்ட பயத்தை முந்திக்கொண்டு பெருமைதான் பொங்கி வந்தது. இதைப் போய் யாரிடம் சொல்லிக்கொள்வது?

இன்னும் சில சுற்று. எல்லாமே காற்று.

"போதும் தம்பி" என்று கண்கட்டைக் கழற்றினாள்.

அவன் ஆச்சரியப்படவில்லை. "எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம் ஆன்ட்டி. காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்க பேர் எங்கேயும் வராது, எண் மட்டும்தான். உங்க பொண்ணுக்கும் தெரியப் போறதில்ல." பிறகு தரையைப் பார்த்தபடி மென்மையாகச் சேர்த்தான். "சளி பிடிச்சிருந்தா இப்படி ஆகும்."

நல்ல பிள்ளை. தப்பித்துப் போக வாசலை அகலத் திறந்துவிட்டான். சளி என்று சொன்னால் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம். வேலைக்கும் போகலாம், பழையபடி தலையாட்டலாம்.

"பாப்பா எங்க இருக்கா?" என்று கேட்டாள்.

மகள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தன் மேசையில் இருந்தாள். நுண்ணோக்கி, சுருள் சுருளாக மெல்லிய கம்பி, ஓரம் மடங்கிய புத்தகங்கள், பாதி குடித்த தேநீர். அம்மாவைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா? எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டியா? வேண்டாம், வேண்டாம், சொல்லாத. நான் கேக்கக்கூடாது. என் பேச்சு எப்படி இருந்துது? அப்பா தூங்கினாரா?"

"தூங்கல. அவருக்கு நாற்காலியோட சண்டை." மூக்கம்மா கதவைச் சாத்தினாள். "உக்காரு பாப்பா."

"என்னம்மா?"

"எனக்கு வாசனை வரதில்ல."

மகள் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எப்போலேருந்து?"

"மழைக்காலத்துல காய்ச்சல் வந்துதே. அப்போலேருந்து."

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, மூக்கைப் பத்தி ஆராய்ச்சி பண்ற பொண்ணை வீட்டுலயே வெச்சுக்கிட்டு, அவகிட்டயே மறைப்பியா? நான் தினம் ராத்திரி உன் பக்கத்துல உக்காந்துதானே சாப்பிடறேன்! உப்பு போதும், காரம் போதும்னு நீ சொன்னதெல்லாம் பொய்யா?"

"நாக்குக்கு உப்பும் காரமும் தெரியுது பாப்பா."

"அது தெரியும்! அதைத்தான் நானே கிளாஸ் எடுக்கறேன்!" என்று கத்தினாள். கத்தியதும் உட்கார்ந்துவிட்டாள்.

மூக்கம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ இந்தப் படிப்புக்கு வந்ததே என் மூக்கைப் பார்த்துத்தானே. எல்லார்கிட்டயும் அதைத்தானே சொல்லி வெச்சிருக்க. அதுவே இல்லைன்னு எந்த வாயால சொல்றது?"

"உன் மூக்கைப் பார்த்து யாரு வந்தா?" மகள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "பட்டையை மோந்துட்டு கண்ணை மூடிக்குவ. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேச மாட்ட. இப்போ அம்மா மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துட்டே இருப்பேன். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அது இன்னும் உள்ளேதான் இருக்கு. அதைத்தானே காலையிலேருந்து அங்க தொண்டை வறளச் சொல்லிட்டு வந்தேன்!"

மகள் நாற்காலியை நகர்த்தி எதிரே வந்தாள். அவள் குரல் மாறியது. உரையில் கேட்ட அந்த நிதானம்.

"ஏதாவது வாசனை தப்பா வருதா? திடீர்னு புகை மாதிரி, அழுகின மாதிரி?"

"ஒண்ணுமே இல்ல. சுத்தமா வெறுமை."

"ரெண்டு பக்கமுமா? முன்னாடி தலையில அடி ஏதாவது?"

"இல்ல."

"நான் வைத்தியர் இல்லம்மா. முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டர் உன்னைப் பார்க்கணும். வேற கோளாறு இல்லைன்னு தெரியணும். அப்புறம் பயிற்சி. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். தினம் ரெண்டு வேளை. மோந்துட்டு, அது எப்படி இருந்துதுன்னு நினைச்சுப் பார்க்கணும்."

"திரும்பி வருமா?"

வேறு யாராக இருந்தாலும் வரும் என்று சொல்லியிருப்பார்கள். மகள் அம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதும்மா. நிறையப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா வருது. எல்லாருக்கும் வரல. வந்தாலும் பழைய மாதிரியே இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் அந்தப் பதிலைக் கேட்டுத்தான் அசைந்தது. பொய் ஆறுதல் சொல்லியிருந்தால் அசைந்திருக்காது.

"உன்கிட்ட இன்னொண்ணும் சொல்லணும்" என்று மூக்கம்மா தொடங்கினாள். லாவெண்டர் சோப்பு, உதவிப் பெண், "எனக்குத் தெரியாததா?" என்று தான் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கண்டிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"அந்தப் பொண்ணு இப்போ எங்க இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது கதவு திறந்தது. கணவர் ஒரு கையில் காபியும் மறு கையில் மூக்கம்மாவின் செல்போனுமாக வந்து நின்றார்.

"உன் மேனேஜர். நாலு தடவை அடிச்சிட்டார். அவசரமாம். பேசு."

எழுந்து வாங்கிக் காதில் வைத்தாள். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"மூக்கம்மா, அந்தப் பொண்ணை இன்னியோட அனுப்பிடலாம்னு முடிவு. வாயே திறக்க மாட்டேங்கறா. உங்க பிரிவுங்கறதால நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லிடுங்க. போதும்."

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் ஒன்றும் புரியாமல் காபியை ஊதினார்.

"சார், அந்தப் பொண்ணு சரியாத்தான் சொன்னா. கருகின வாசனை வருதுன்னு என்கிட்ட சொன்னா. நான்தான் கேக்கல."

"ஏன்? உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல சார். எனக்கு வாசனையே வரதில்ல. மழைக்காலத்திலேருந்து."

காபிக் கோப்பை கணவரின் உதட்டருகே அப்படியே நின்றது.

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜர் மிக மெதுவாகப் பேசினார்.

"அப்போ மழைக்காலத்திலேருந்து நீங்க தலையாட்டி அனுப்பின சரக்கெல்லாம்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. கடை கடையாக, வீடு வீடாக, குளியலறை குளியலறையாக எங்கெங்கோ போய்ச் சேர்ந்த சோப்புகள் கண் முன்னால் வந்து நின்றன. மகள் நாற்காலியை நகர்த்தினாள். மூக்கம்மா உட்காரவில்லை.

"ஒண்ணு விடாம எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும் சார். நான் இப்பவே கிளம்பி வர்றேன். அந்தப் பொண்ணைப் போக விடாதீங்க. இனிமே அங்க வேண்டியது அவ மூக்குதான்."

மேனேஜர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கணவர் கோப்பையை மேசையில் வைத்தார். மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். கடைசியில் அவளுடைய கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தார்.

மகள் தானும் கூடக் கிளம்ப வெள்ளைக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.